‘கேப்பபிலிட்டி’ பிரவுன்: தோட்ட வேலையை மாபெரும் பிசினஸாக மாற்றிய விவசாயி மகன்... சாதித்தது எப்படி?

‘டவுன்டன் அபி’ சீரியல் பார்த்திருக்கிறீர்களா? அந்தப் பிரமாண்ட மாளிகையைச் சுற்றி கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பச்சைப் புல்வெளி. ஆங்காங்கே குடை விரித்தது போல மரங்கள். சீரியலில் காட்டப்படும் அந்த இடத்தின் உண்மைப் பெயர் ஹைகிளியர் கோட்டை. பார்த்தால், அந்த நிலம் எப்போதும் அப்படியேதான் இருந்தது போலத் தோன்றும்.

ஆனால் விஷயம் வேறு. அந்தப் புல்வெளியின் மேடு பள்ளம், மரங்களுக்கு நடுவில் விட்ட இடைவெளி எல்லாம் ஒருவர் கணக்குப் போட்டு, ஆள் வைத்து, கான்ட்ராக்ட் எழுதி உருவாக்கிய ‘இயற்கை’. அவர் பெயர் லான்சலாட் பிரவுன். 1716 முதல் 1783 வரை வாழ்ந்த இவரை உலகம் ‘கேப்பபிலிட்டி’ பிரவுன் என்ற பட்டப்பெயரால்தான் அறியும்.

கலைஞர் என்ற முறையில் இவரைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஒரு தோட்ட வேலைக்காரர் எப்படி தனி ஆளாகத் தொழில் தொடங்கி, நாடு முழுக்க வேலை எடுத்து, கடைசியில் நிலப்பிரபுவாகவே ஆனார் என்ற கதை அதிகம் பேசப்படுவதில்லை. லேண்ட்ஸ்கேப்பிங் தொழில் என்று இன்று சொல்கிறோமே, அதைப் பெரிய அளவில் நடத்திக் காட்டிய ஆரம்பகால ஆட்களில் இவர் முக்கியமானவர்.

யார் இந்த பிரவுன்?

இங்கிலாந்தின் வடக்கு எல்லையில், ஸ்காட்லாந்துக்குப் பக்கத்தில் இருக்கிறது நார்தம்பர்லாந்து. அங்கே கர்க்ஹார்ல் என்ற சிற்றூர். பிரவுனின் அப்பா வில்லியம் ஒரு விவசாயி. அம்மா உர்சுலா அந்த ஊர் நிலப்பிரபு வீட்டில் வேலை பார்த்தவர். பிரவுனுக்கு 1716 ஆகஸ்ட் 30 அன்று ஞானஸ்நானம் கொடுத்ததாகத் தேவாலயப் பதிவேடு சொல்கிறது. பிறந்த தேதி தனியாகப் பதிவாகவில்லை.

சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். ஆனாலும் பக்கத்து ஊரான கேம்போவில் 16 வயது வரை பள்ளிக்கூடம் போனார் பிரவுன். ஒரு கிராமத்து விவசாயி மகனுக்கு அந்தக் காலத்தில் இது சாதாரண விஷயம் இல்லை. எழுத்தும் கணக்கும் கைவந்தது பின்னாளில் அவருக்கு எவ்வளவு உதவியது என்பது போகப் போகத் தெரியும்.

படிப்பை முடித்ததும் ஊர் நிலப்பிரபு சர் வில்லியம் லொரெய்னின் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். செடி வளர்ப்பது, மரம் நடுவது, சதுப்பு நிலத்தில் தண்ணீரை வடிப்பது, மண்ணை வெட்டிச் சமப்படுத்துவது என்று எல்லாவற்றையும் கையால் செய்து கற்றார். 1739 வாக்கில் தெற்கு நோக்கிக் கிளம்பினார். ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் கிடிங்டன் என்ற இடத்தில் ஏரி ஒன்றை அமைத்துக் கொடுத்தது அவருடைய தொடக்க கால வேலைகளில் ஒன்று.

திருப்புமுனை: ஸ்டோ

1741ல் பக்கிங்ஹாம்ஷயரில் உள்ள ஸ்டோ தோட்டத்தில் வேலை கிடைத்தது. உரிமையாளர் காபம் பிரபு. அன்றைய இங்கிலாந்தில் அதிகம் பேசப்பட்ட தோட்டம் அது. வில்லியம் கென்ட் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர்தான் அங்கே வடிவமைப்பாளர். அடுத்த ஆண்டே, 26 வயதில், பிரவுன் தலைமைத் தோட்டக்காரர் ஆனார். சம்பளம் ஆண்டுக்கு 25 பவுண்டு.

பதவியின் பெயர்தான் தோட்டக்காரர். கூலிக் கணக்கு எழுதுவது, ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது, கட்டட வேலையைக் கவனிப்பது என்று ஒரு புராஜெக்ட் மேனேஜர் செய்கிற எல்லாமே அவர் தலையில் விழுந்தது. ‘கிரேக்கப் பள்ளத்தாக்கு’ என்று இன்றும் அழைக்கப்படும் பகுதி அவர் காலத்தில் அங்கே உருவானதுதான். மனித உழைப்பும் கை வண்டியும் குதிரையும் மட்டும் வைத்து ஒரு பள்ளத்தாக்கையே தோண்டி எடுத்தார்கள்.

ஸ்டோவுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. நாடெங்கும் இருந்து பணக்காரர்கள் வந்து சுற்றிப் பார்க்கும் இடம் அது. 1744லேயே அந்தத் தோட்டத்துக்கு வழிகாட்டிப் புத்தகம் அச்சாகி விற்பனைக்கு வந்துவிட்டது. அதாவது பிரவுனின் வருங்கால வாடிக்கையாளர்கள் எல்லாம் தாங்களாகவே அவர் வேலை செய்யும் இடத்துக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். விளம்பரத்துக்கு ஒரு காசு செலவில்லை.

காபம் பிரபு இன்னொரு உதவியும் செய்தார். தன் நண்பர்களின் தோட்டங்களுக்கும் போய் வேலை செய்து கொடுக்க பிரவுனுக்கு அனுமதி கொடுத்தார். சம்பள வேலையில் இருந்துகொண்டே வெளி வேலையும் எடுப்பது, இன்றைய மொழியில் ‘சைடு பிசினஸ்’. அதை முதலாளியின் சம்மதத்தோடு செய்தார் பிரவுன். 1744ல் பிரிட்ஜெட் வேயெட் என்ற பெண்ணை அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டார்.

வேலையை விட்டார்... கம்பெனி தொடங்கினார்

1749ல் காபம் பிரபு காலமானார். அதன் பிறகு சுமார் இரண்டு ஆண்டுகளில் ஸ்டோவை விட்டுக் கிளம்பினார் பிரவுன். 35 வயது. மனைவி, குழந்தைகள். நிரந்தரச் சம்பளம் கிடையாது. குடும்பத்தோடு லண்டனுக்கு மேற்கே ஹேமர்ஸ்மித்தில் குடியேறினார்.

ஏன் ஹேமர்ஸ்மித்? அந்தப் பக்கம் முழுக்க நாற்றுப் பண்ணைகளும் காய்கறித் தோட்டங்களும் இருந்தன. மரக்கன்று வாங்க வசதி. லண்டனும் பக்கம். நிலப்பிரபுக்கள் நாடாளுமன்றக் கூட்டத்துக்காக வருஷத்தில் பல மாதங்கள் லண்டனில்தான் தங்குவார்கள். வாடிக்கையாளரும் சரக்கும் ஒரே இடத்தில் கிடைக்கும் ஊர் அது.

முதல் பெரிய வேலை வூஸ்டர்ஷயரில் க்ரூம் கோர்ட். கவன்ட்ரி பிரபுவின் எஸ்டேட். இடமோ சதுப்பு நிலம். எங்கே காலை வைத்தாலும் சேறு. பிரவுன் முதலில் கை வைத்தது அழகில் இல்லை, வடிகாலில். நிலத்துக்கு அடியில் கால்வாய்கள் ஓடவிட்டு, அந்தத் தண்ணீரை எல்லாம் புதிதாக வெட்டிய செயற்கை ஆற்றிலும் ஏரியிலும் கொண்டு சேர்த்தார். பிரச்சினையாக இருந்த தண்ணீரே கடைசியில் அந்தத் தோட்டத்தின் அழகு ஆனது. மாளிகையைப் புதுப்பித்ததும், குன்றின் மேல் புதுத் தேவாலயம் எழுந்ததும் அதே திட்டத்தில்தான்.

கவன்ட்ரி பிரபு திருப்தியானார். கடைசி வரை பிரவுனுக்கு நண்பராக இருந்தார்.

‘கேப்பபிலிட்டி’ என்ற பெயர் எப்படி வந்தது?

புது எஸ்டேட்டுக்குப் போனால் பிரவுன் முதலில் குதிரையில் ஏறி நிலத்தை ஒரு சுற்று சுற்றி வருவார். பிறகு உரிமையாளரிடம் இந்த இடத்துக்கு ‘கேப்பபிலிட்டீஸ்’ இருக்கிறது என்பார். அதாவது, இந்த நிலத்தை மேம்படுத்த வாய்ப்பு இருக்கிறது என்று அர்த்தம். திரும்பத் திரும்ப இதையே சொன்னதால் அதுவே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது.

கவனித்துப் பார்த்தால் இது நல்ல வியாபாரப் பேச்சும்கூட. உங்கள் தோட்டம் மோசம் என்று அவர் சொல்லவில்லை. உங்கள் நிலத்துக்குள் ஒரு அழகு ஒளிந்திருக்கிறது, அதை வெளியே கொண்டு வரலாம் என்றார். எந்த நிலக்காரருக்குத்தான் இதைக் கேட்கப் பிடிக்காது?

அவர் விற்றது என்ன?

அதுவரை ஐரோப்பியப் பணக்காரர் தோட்டம் என்றால் பிரெஞ்சு பாணிதான். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நேரான பாதைகள், கத்தரித்த செடிகள், கட்டம் கட்டமாகப் பூப்பாத்திகள், நீரூற்றுகள். இதை மாற்றும் வேலையை கென்ட் போன்றவர்கள் முன்பே தொடங்கிவிட்டார்கள். பிரவுன் அதை முழுமையாக மாற்றிக் காட்டினார்.

அவருடைய பாணியை நான்கு விஷயங்களில் அடக்கிவிடலாம்:

● புல்வெளி: மாளிகையின் வாசல் வரை புல். நடுவில் வேலியோ பாத்தியோ கிடையாது.

● ஏரி: சின்ன ஓடையின் குறுக்கே கரை போட்டு, தண்ணீரைத் தேக்கி, பெரிய ஆறு வளைந்து ஓடுவது போன்ற தோற்றம். ஏரியின் முடிவு கண்ணுக்குத் தெரியாதபடி மரங்களால் மறைத்துவிடுவார்.

● மரங்கள்: ஓக், பீச், எல்ம் போன்ற மரங்களைத் தோப்புத் தோப்பாக நடுவார். எஸ்டேட்டின் எல்லை நெடுக மர வரிசை ஒன்று சுற்றி வரும். வெளியில் இருக்கும் அசிங்கம் எதுவும் உள்ளே தெரியாது.

● ‘ஹா-ஹா’: இது ஒரு தந்திர வேலி. பள்ளம் தோண்டி, அதன் ஒரு பக்கத்தில் மட்டும் செங்குத்தாகச் சுவர் எழுப்புவார்கள். வீட்டிலிருந்து பார்த்தால் புல்வெளி தடையில்லாமல் ஓடுவது போலத் தெரியும். ஆனால் ஆடு மாடு தாண்டி வர முடியாது. பிரவுன் கண்டுபிடித்தது அல்ல. ஆனால் தாராளமாகப் பயன்படுத்தியவர் அவர்.

ஏரி அமைக்கும் தொழில்நுட்பம் தமிழ்நாட்டு ஏரி, கண்மாய் பார்த்தவர்களுக்குப் புதிதாக இருக்காது. களிமண்ணைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, மிதித்து, அடுக்கடுக்காகக் கரையில் இறுக்குவார்கள். தண்ணீர் கசியாது. அதிகத் தண்ணீரை வெளியேற்ற மதகு இருக்கும். மதகின் வெளிப்பக்கத்தை அருவி போல அழகாக மாற்றிவிடுவார் பிரவுன்.

இதில் ஒரு பொருளாதாரமும் இருக்கிறது. பிரெஞ்சு பாணித் தோட்டத்தைப் பராமரிக்க ஆண்டு முழுக்க ஆள் வேண்டும். கத்தரிக்க வேண்டும், களை எடுக்க வேண்டும், செடி மாற்ற வேண்டும். பிரவுனின் புல்வெளியில் ஆடு மாடு மேயும். வைக்கோல் கிடைக்கும். மரம் வளர்ந்தால் விற்கலாம். தோப்புக்குள் வேட்டைப் பறவைகள் அடையும். அழகும் வேண்டும், நிலத்தில் வருமானமும் வர வேண்டும் என்று நினைத்த நிலப்பிரபுவுக்கு இரண்டும் ஒரே பேக்கேஜில் கிடைத்தன.

ஒரே ஆள், நாடு முழுக்க வேலை... எப்படிச் சமாளித்தார்?

பிரவுன் வேலை செய்த இடங்கள் 170க்கும் மேல். ரயில் இல்லை. போன் இல்லை. சாலைகளும் சுமார்தான். ஆயுள் முழுக்க ஆஸ்துமா தொந்தரவு வேறு. ஒரே நேரத்தில் பல மாவட்டங்களில் வேலை நடக்கும். இதை அவர் சமாளித்த விதத்தில்தான் பிசினஸ் பாடமே இருக்கிறது.

வேலை படிப்படியாக நடக்கும். முதலில் பிரவுன் நேரில் வந்து பார்ப்பார். அடுத்து அவருடைய சர்வேயர் வந்து நிலத்தை அளப்பார். ஜான் ஸ்பையர்ஸ் என்பவர் இதில் கெட்டிக்காரர். அளவை வைத்து வரைபடம் தயாராகும். உரிமையாளருக்குப் பிடித்துவிட்டால் ஒப்பந்தம். வரைபடம் மட்டும் வாங்கிக்கொண்டு வேலையைத் தன் ஆட்களை வைத்தே செய்துகொள்ள நினைத்தவர்களுக்கு அதுவும் உண்டு.

ஒப்பந்தம் என்றால் வாய்ப் பேச்சு இல்லை. எந்த வேலை, எந்த இடத்தில், எப்போது முடியும், பணம் எத்தனை தவணை என்று எண் போட்டு எழுதியிருக்கும். மரக்கன்று, குதிரை, வண்டி போன்றவற்றில் உரிமையாளர் எதைத் தர வேண்டும் என்பதும் இருக்கும். வில்ட்ஷயரில் உள்ள போவுட் எஸ்டேட்டுக்கு 1762ல் போட்ட ஒப்பந்தம் 4,300 பவுண்டுக்கு.

தளத்தில் தினசரி வேலையைப் பார்ப்பது ஃபோர்மேன். நம்மூர் மேஸ்திரி மாதிரி. பெஞ்சமின் ரீட், மைக்கேல் மில்லிகன், நாத்தானியேல் ரிச்மண்ட், சாமுவேல் லாபிட்ஜ் என்று அனுபவசாலிகள் பலர் அவரிடம் இருந்தார்கள். இவர்களுக்குப் பணம் அனுப்புவார் பிரவுன். அவர்கள் உள்ளூர் கூலியாட்களை வைத்து வேலையை முடிப்பார்கள். ஆண்டுக்குச் சில முறை பிரவுன் வந்து பார்த்து, திருத்தம் சொல்லிவிட்டுப் போவார். இன்றைய சப் கான்ட்ராக்ட் முறைக்கு இது ரொம்பவே நெருக்கம்.

ரிச்மண்ட் போன்ற சிலர் பின்னாளில் தனியாகத் தொழில் தொடங்கினார்கள். நல்ல ஆளை வளர்த்துவிட்டால் அவர் ஒருநாள் போட்டியாளராக வருவார் என்ற சிறுதொழில் முதலாளிகளின் கவலை 18ஆம் நூற்றாண்டிலும் இருந்தது. ஆனால் பிரவுனின் பெயருக்கு இருந்த மவுசு குறையவில்லை.

கட்டட வேலைக்கு ஹென்றி ஹாலண்ட் என்ற கான்ட்ராக்டரோடு கூட்டு. அவர் மகனும் அதே பெயர் கொண்டவர், கட்டடக் கலைஞர். 1770களின் தொடக்கத்தில் மகன் ஹாலண்ட் பிரவுனின் பார்ட்னர் ஆனார். 1773ல் பிரவுனின் மகள் பிரிட்ஜெட்டைக் கல்யாணம் செய்து மருமகனும் ஆனார்.

வங்கிக் கணக்கும் கிழிக்கப்பட்ட பில்லும்

1753ல் லண்டனில் டிரம்மண்ட்ஸ் வங்கியில் கணக்குத் தொடங்கினார் பிரவுன். அந்த வங்கியின் பேரேடுகள் இன்றும் இருக்கின்றன. எந்தப் பிரபு எப்போது எவ்வளவு கொடுத்தார், அதில் எவ்வளவு எந்த ஃபோர்மேனுக்குப் போனது என்பதை வரலாற்று ஆய்வாளர்கள் அதிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். பிரவுன் கையால் எழுதிய கணக்குப் புத்தகம் ஒன்று லண்டன் லிண்ட்லி நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. தன் தொழிலைப் பற்றி அவர் புத்தகம் எதுவும் எழுதவில்லை. அவர் எப்படி வேலை செய்தார் என்பதை அறிய இந்தக் கணக்குகளும் கடிதங்களும் வரைபடங்களும்தான் வழி.

அந்தக் கணக்குப் புத்தகத்தில் ஒரு சம்பவம் பதிவாகியிருக்கிறது. சஃபோக்கில் ஆம்புரோஸ் டிக்கின்ஸ் என்பவரின் எஸ்டேட்டில் வேலை. ஒப்பந்தத்துக்கு மேல் எக்ஸ்ட்ரா வேலையும் நடந்தது. அதற்குப் பணம் கொடுக்க டிக்கின்ஸ் மறுத்துவிட்டார். கடைசியில் அந்தக் கணக்குத் தாளை டிக்கின்ஸின் முகத்துக்கு நேராகவே கிழித்துப் போட்டு, மனசில் பட்டதைச் சொல்லிவிட்டு வந்ததாக எழுதிவைத்திருக்கிறார் பிரவுன்.

எக்ஸ்ட்ரா வேலைக்குப் பில் போட்டால் கஸ்டமர் முகம் சுளிப்பது கான்ட்ராக்ட் தொழிலில் இருக்கும் யாருக்கும் தெரிந்த தலைவலி. கோர்ட்டுக்குப் போனால் செலவு. பேரும் கெடும். காசு போனாலும் பரவாயில்லை என்று அந்த வேலையை அன்றோடு முடித்துக்கொண்டார் அவர்.

பிளெனிம்: உச்சம் தொட்ட வேலை

1760களில் வந்தது பிளெனிம் அரண்மனை வேலை. மார்ல்பரோ டியூக்கின் வீடு. பின்னாளில் வின்ஸ்டன் சர்ச்சில் பிறந்த இடமும் இதுதான். அங்கே வான்ப்ரூ என்ற கட்டடக் கலைஞர் கட்டிய பிரமாண்டமான பாலம் ஒன்று இருந்தது. ஆனால் அதற்குக் கீழே ஓடியதோ கிளைம் என்ற சின்ன ஓடை. இவ்வளவு பெரிய பாலத்துக்கு இவ்வளவு சின்னத் தண்ணீரா என்று கேலி செய்தார்கள்.

பிரவுன் பாலத்தில் கை வைக்கவில்லை. ஓடைக்கு அணை போட்டார். தண்ணீர் ஏறியது. பாலத்தின் கீழ்ப்பகுதியில் இருந்த அறைகள் மூழ்கின. பாலத்தின் இரு பக்கமும் பரந்த ஏரி விரிந்தது. பாலத்தின் அளவுக்குத் தண்ணீர் வந்ததும் கேலிக்கு இடமில்லாமல் போனது. சுமார் பத்து ஆண்டுகள் நடந்த இந்த வேலைக்கு அவருக்குக் கிடைத்த தொகை 21,000 பவுண்டுக்கு மேல். ஸ்டோவில் அவர் வாங்கிய ஆண்டுச் சம்பளம் 25 பவுண்டு என்பதை நினைத்துப் பாருங்கள்.

அரசரின் தோட்டக்காரர்

1758லேயே பிரபுக்கள் பலர் சேர்ந்து பிரவுனுக்கு அரண்மனைப் பதவி கொடுக்கச் சொல்லி மனு கொடுத்தார்கள். அப்போது கிடைக்கவில்லை. 1764ல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் அவரை ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையின் தலைமைத் தோட்டக்காரராக நியமித்தார். ஆண்டுக்குச் சுமார் 2,000 பவுண்டு. ஆனால் ஆட்கள் கூலி, பராமரிப்புச் செலவு எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். அரண்மனை வளாகத்தில் குடியிருக்க வீடும் கிடைத்தது.

பதவிக்குப் பிறகும் வெளி வேலையை விடவில்லை. ‘அரசரின் தோட்டக்காரர்’ என்ற பட்டம் தொழிலுக்கு இன்னும் மெருகு சேர்த்தது. அவர் காலத்தில், 1768ல், ஹாம்ப்டன் கோர்ட்டில் நட்ட ஒரு திராட்சைக் கொடி இன்றும் காய்த்துக்கொண்டிருக்கிறது.

1767ல் நார்தாம்ப்டன் பிரபுவிடமிருந்து ஃபென்ஸ்டான்டன் என்ற கிராமத்து எஸ்டேட்டை 13,000 பவுண்டுக்கு வாங்கினார் பிரவுன். நார்தாம்ப்டன் பிரபு அவருடைய வாடிக்கையாளர். 1770ல் அந்த மாவட்டத்தின் ஹை ஷெரிஃப் பதவியும் வந்தது. நிலப்பிரபு வீட்டில் வேலை பார்த்த பெண்ணின் மகன், இப்போது தானே நிலப்பிரபு.

இந்தப் பணம் எங்கிருந்து வந்தது?

பிரவுனின் கதையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் 1744ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக வந்து சேர்ந்தவர் ராபர்ட் கிளைவ். 1751ல் ஆற்காடு முற்றுகையில் பெயர் வாங்கினார். 1757ல் பிளாசிப் போர். வங்காளத்தில் குவித்த பெரும் சொத்தோடு இங்கிலாந்து திரும்பினார்.

லண்டனுக்கு அருகே கிளேர்மான்ட் எஸ்டேட்டை கிளைவ் வாங்கினார். பழைய மாளிகை தாழ்வான, ஈரமான இடத்தில் இருந்தது. அதை இடித்துவிட்டு, மேட்டில் புது மாளிகை கட்டும் வேலை பிரவுனிடம் வந்தது. உள்ளே அலங்கார வேலையைக் கவனித்தது ஹாலண்ட். ஆனால் கிளைவ் அங்கே வாழ்ந்து அனுபவிக்கவில்லை. 1774 நவம்பரில் இறந்துவிட்டார். அந்த மாளிகை இப்போது ஒரு பள்ளிக்கூடம்.

இது ஒன்று மட்டுமல்ல. யார்க்ஷயரில் பிரவுன் வேலை செய்த ஹேர்வுட் எஸ்டேட்டின் உரிமையாளர் எட்வின் லாசெல்ஸ். அந்தக் குடும்பத்தின் செல்வம் கரீபியத் தீவுகளில் அடிமைகளின் உழைப்பில் நடந்த சர்க்கரைத் தொழிலில் இருந்து வந்தது. அமைதியான அந்தப் பச்சைப் புல்வெளிகளுக்குப் பின்னால் இப்படிப்பட்ட கணக்குகளும் இருக்கின்றன.

உள்நாட்டு ஏழைகளும் தப்பவில்லை. டார்செட்டில் மில்டன் பிரபு என்பவருக்குத் தன் வீட்டு ஜன்னலில் இருந்து பார்த்தால் பக்கத்தில் இருந்த சிறு நகரம் தெரிவது பிடிக்கவில்லை. அந்த ஊரையே காலி செய்து இடித்தார். வெளியேற்றப்பட்டவர்களில் கொஞ்சம் பேருக்கு மட்டும், கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், ஒரே மாதிரி கூரை வீடுகள் கொண்ட புதுக் கிராமம் அமைத்துக் கொடுத்தார். மில்டன் அபாஸ் என்ற அந்தக் கிராமத்தின் திட்டத்தில் பிரவுனுக்கும் பங்கு உண்டு. இன்று அது சுற்றுலாப் பயணிகள் போட்டோ எடுக்கும் இடம். இடிக்கப்பட்டது தன் ஊர் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

எதிர்ப்புகள்

புகழ் வந்தால் எதிரிகளும் வருவார்கள். கட்டடக் கலைஞர் வில்லியம் சேம்பர்ஸ் 1772ல் சீனத் தோட்டங்களைப் புகழ்ந்து ஒரு புத்தகம் எழுதினார். அதில் பிரவுனின் பாணி வெறும் மேய்ச்சல் நிலம் மாதிரி இருக்கிறது என்று பெயர் சொல்லாமல் குத்திக்காட்டினார். காய்கறித் தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்குக் கலை என்ன தெரியும் என்ற ஏளனமும் அதில் இருந்தது. கிளேர்மான்ட் வேலை தனக்குக் கிடைக்காமல் பிரவுனுக்குப் போன கோபம்தான் காரணம் என்று அப்போதே பலர் பேசினார்கள்.

இன்னொரு குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. புதுப் பாணிக்காகப் பல அழகான பழைய தோட்டங்கள் அழிந்தன. நூறாண்டு வயதுள்ள மர வரிசைகள் வெட்டப்பட்டன. எல்லா இடத்திலும் ஒரே ஃபார்முலா என்ற சலிப்பும் வந்தது. ரிச்சர்ட் பெய்ன் நைட், யுவிடேல் பிரைஸ் இருவரும் 1794ல் இதை வைத்தே பிரவுனைக் கடுமையாகத் தாக்கினார்கள். அப்போது பதில் சொல்ல அவர் உயிரோடு இல்லை.

கடைசி நாள்

1783 பிப்ரவரி 6. லண்டனில் கவன்ட்ரி பிரபுவைப் பார்த்துவிட்டு மகள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார் பிரவுன். ஹெர்ட்ஃபோர்டு தெருவில், மகளின் வீட்டு வாசலிலேயே சரிந்து விழுந்து இறந்தார். வயது 66. தனித் தொழிலில் அவருடைய முதல் பெரிய வாடிக்கையாளர் யாரோ, அவரைப் பார்த்துவிட்டு வந்ததுதான் கடைசிப் பயணம். ஃபென்ஸ்டான்டன் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

பாதியில் நின்ற ஒப்பந்தங்களை முடிக்கும் பொறுப்பு லாபிட்ஜிடம் வந்தது. பிள்ளைகள் யாரும் தோட்டத் தொழிலுக்கு வரவில்லை. மூத்த மகன் ஈட்டனில் படித்து நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். இன்னொரு மகன் கடற்படையில் அட்மிரல். மற்றொருவர் பாதிரியார். மண்ணை வெட்டிச் சம்பாதித்த அப்பா, பிள்ளைகளை மண் படாத வேலைக்கு அனுப்பினார். பெயர் நிலைத்தது, ஆனால் கம்பெனி அவரோடு முடிந்தது.

ரெப்டன் ஏன் அவ்வளவு சம்பாதிக்கவில்லை?

பிரவுனுக்குப் பிறகு அந்த இடத்தைப் பிடித்தவர் ஹம்ப்ரி ரெப்டன். துணி வியாபாரத்தில் தோற்று, வேறு முயற்சியிலும் பணத்தை இழந்து, 1788ல் இந்தத் தொழிலுக்கு வந்தவர். பிரவுனின் மகன் தன் அப்பாவின் வரைபடங்களை ரெப்டனுக்குக் கொடுத்து உதவினார்.

மார்க்கெட்டிங்கில் ரெப்டன் பிரவுனையே மிஞ்சினார். தொழில் அட்டை அச்சடித்தார். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் சிவப்பு அட்டை போட்ட புத்தகம் தயாரித்தார். அதில் இப்போதைய நிலத்தின் படம் இருக்கும். மேலே ஒட்டிய தாளைத் தூக்கினால், வேலை முடிந்த பிறகு எப்படி இருக்கும் என்று தெரியும். இன்று இன்ஸ்டாவில் போடும் ‘பிஃபோர் - ஆஃப்டர்’ படங்களின் தாத்தா என்று சொல்லலாம்.

ஆனால் ரெப்டன் வேலையைக் கான்ட்ராக்ட் எடுக்கவில்லை. யோசனையும் படமும் கொடுத்துக் கட்டணம் வாங்குவதோடு சரி. வேலையை உரிமையாளரே ஆள் வைத்துச் செய்துகொள்ள வேண்டும். சிலர் புத்தகத்தை அலமாரியில் அழகுக்கு வைத்துவிட்டு வேலையே தொடங்கவில்லை. நூற்றுக்கணக்கான இடங்களுக்குப் போயும் ரெப்டனால் பிரவுன் அளவுக்குச் சொத்து சேர்க்க முடியவில்லை. வடிவமைப்புக் கட்டணம் மட்டுமா, வேலையையும் சேர்த்து எடுப்பதா என்ற கேள்வி லேண்ட்ஸ்கேப்பிங், இன்டீரியர் துறைகளில் இருப்பவர்களுக்கு இன்றும் முதல் கேள்வி. முழு வேலையையும் எடுத்தால் லாபம் கூடும். டிக்கின்ஸ் மாதிரி ஆட்களிடம் மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் கூடும்.

இன்று என்ன நிலை?

2016ல் பிரவுன் பிறந்து 300 ஆண்டுகள் நிறைந்ததை இங்கிலாந்து விழாவாகக் கொண்டாடியது. பிளெனிம் அரண்மனையும் பூங்காவும் 1987 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். ‘ஹாரி பாட்டர்’ முதல் படங்களில் வரும் ஆனிக் கோட்டை, ‘பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்’ படத்தில் வரும் சாட்ஸ்வொர்த் மாளிகை ஆகியவற்றின் நிலங்களிலும் அவர் கைவண்ணம் உண்டு.

ஓக் மரம் முழுசாக வளர நூறாண்டுக்கு மேல் ஆகும். பிரவுனிடம் பணம் கொடுத்த பிரபுக்களில் ஒருவர்கூட, தாங்கள் வாங்கிய தோட்டத்தின் முழு வடிவத்தைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அவர்கள் பார்த்ததெல்லாம் வெட்டிய மண்ணும், புது ஏரியும், குச்சி குச்சியாக நின்ற கன்றுகளும்தான். பிரவுன் நட்டவற்றில் பல மரங்கள் இப்போது 250 வயதை எட்டியிருக்கின்றன. சில புயலில் விழுகின்றன, சில நோயில் பட்டுப்போகின்றன. விழுந்த இடத்தில் அதே இனக் கன்றை மறுபடியும் நடுகிறார்கள் இன்றைய தோட்டக்காரர்கள். அந்தக் கன்றுகள் முழு மரமாவதை அவர்களும் பார்க்கப் போவதில்லை.